லெவல் அண்ணனின் கண்மூடி

அன்று காலை லெவல் அண்ணன் முதலில் குறை சொன்னது கடைக் கண்ணாடியைத்தான்.

"டேய் மாப்ளே, இதை யாருடா இப்படிச் சாய்ச்சு மாட்டினது?"

பக்கத்து நாற்காலியில் ஒருவர் தலைக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த மச்சினன் திரும்பிப் பார்த்தான். அக்கா புருஷன் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். "நீங்கதான் மாமா. பன்னெண்டு வருஷம் ஆச்சு."

லெவல் அண்ணன் ஸ்டூலைப் போட்டு ஏறி, கண்ணாடியின் இடது மூலையை அரை விரல் தூக்கி வைத்தார். இறங்கிப் பார்த்தார். திருப்தியில்லை. மறுபடி ஏறினார். நாற்காலியில் கன்னம் முழுக்க சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்த தபால்காரர், "அண்ணே, நுரை காயுது," என்றார்.

அவருக்கு லெவல் என்று பெயர் வைத்தவர்கள் நாங்கள்தான். இரண்டு பக்கமும் கிருதாவை எடுத்து முடித்ததும் இரண்டடி பின்னால் போய் நின்று, தலையை ஆட்டாமல் பார்த்து, "லெவலா இருக்கா?" என்று கேட்பார். நம்மிடம் பதிலை எதிர்பார்த்துக் கேட்பதில்லை. தன்னையேதான் கேட்டுக்கொள்வார். முப்பது வருடமாக ஒரு கன்னத்திலும் ரத்தம் பார்க்காத கை அது. எங்கள் தெருவில் அவரிடம் கழுத்தைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் பலர், நானும் ஒருவன்.

கண்ணாடியை விட்டுவிட்டுச் சவரக்கத்தியை எடுத்தவர், தபால்காரரின் வலது காதைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். அந்தக் காதுக்கு மேலே இன்னொரு வலது காது இருந்தது. கொஞ்சம் மங்கலாக, கொஞ்சம் சாய்வாக. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தார். இரண்டு காதும் அங்கேயே இருந்தன. கத்தியை மடித்து மேசையில் வைத்தார்.

"மாப்ளே, இவருக்கு நீ முடிச்சு விடு. நான் ஒரு டீ குடிச்சிட்டு வரேன்."

கடைக்கு ஒரே ஒரு படிதான். அவர் கண்ணுக்கு இரண்டு தெரிந்தது. இல்லாத படியில் காலை வைத்து, இருக்கிற தெருவில் உட்கார்ந்தார்.

கண் டாக்டர் நிதானமான பெண்மணி. பேனாவை மேலும் கீழும் ஆட்டிப் பார்க்கச் சொன்னார், ரத்தம் எடுக்கச் சொன்னார், மறுநாள் வரச்சொல்லி விளக்கினார்.

"கண்ணைத் திருப்புற சின்ன நரம்பு ஒண்ணு அசந்து போயிருக்கு. சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கு, அதனால இருக்கலாம். மத்தபடி ரெண்டு கண்ணும் நல்லாத்தான் இருக்கு. தனித்தனியா ஒழுங்காப் பாக்குது. சேர்ந்து பாக்கத்தான் தெரியல."

"நாங்களும் வீட்டுல அப்படித்தான் டாக்டர்," என்றார் கூட வந்திருந்த மனைவி.

டாக்டர் சிரித்தார். "மூணு நாலு மாசத்துல பெரும்பாலும் தானாச் சரியாயிடும். அதுவரைக்கும் இடது கண்ணை மூடி வைங்க. பகல் முழுக்க. மூடின கண்ணு உள்ள திறந்து மூட எடம் இருக்கணும், துணி உரசக் கூடாது. இன்னொண்ணு, தலைவலி வந்தா தள்ளிப்போடாம உடனே வாங்க."

கடைசி வாக்கியத்தை லெவல் அண்ணன் வீடு வரைக்கும் சுமந்துகொண்டு வந்தார். ஆனால் வாசலில் செருப்பைக் கழற்றியபோது அவர் சொன்னது வேறு.

"நீ ரெண்டு பேராத் தெரியறே."

"ஒருத்தியைச் சமாளிக்கவே உங்களுக்கு மூச்சு வாங்கும்."

"கீழ இருக்கிறவ முறைக்கிறா. மேல இருக்கிறவ பரவாயில்ல, சிரிச்ச முகமா இருக்கா."

"அப்ப சாப்பாட்டை மேல இருக்கிறவகிட்டயே கேட்டு வாங்கிக்குங்க," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார் அந்த அம்மா.

அந்த அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உள்ளாடை தைக்கும் கம்பெனியில் எலாஸ்டிக் வைக்கும் பகுதிக்கு அவர்தான் மேற்பார்வை. அங்கே நாற்பது பெண்களுக்கும், சேர்த்து எங்கள் தெருவுக்கும் அவர் லாஸ்டிக் அக்கா. ஒரு துண்டு எலாஸ்டிக்கை இரண்டு விரலுக்கு நடுவில் இழுத்துவிட்டு, இது எத்தனை துவைப்பு தாங்கும் என்று சொல்லிவிடுவார். காலை ஏழரைக்கு அவர் கிளம்பினால் ஆறு மணிக்குத்தான் வருவார். லெவல் அண்ணன் கடையை மூடிவிட்டு வர எட்டரை ஆகும். இருபத்து நான்கு வருடமாக இருவரும் பேசிக்கொண்டதில் முக்கால்வாசி, சாவி எங்கே, சாப்பிட்டாச்சா, கேஸ் மூடியாச்சா என்கிற வகைதான். சண்டை ஒன்றும் இல்லை. நேரம்தான் இல்லை.

மகள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். கடையில் இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தாள்.

முதலில் வந்தது ஒட்டிக்கொள்ளும் வகை. தோல் நிறத்தில் முட்டை வடிவத்தில் இருந்தது. ஒட்டியபோது சுகமாகத்தான் இருந்தது. சாயங்காலம் பிரித்தபோது புருவத்தில் பாதி அதோடு வந்துவிட்டது.

"முப்பது வருஷமா ஊர் முடியை எடுத்தேன்," என்றார் லெவல் அண்ணன் கண்ணாடியைப் பார்த்து. "என் முடியை எடுக்க ஆள் வந்தாச்சு."

"ஒரு நாள், ரெண்டு நாளைக்குன்னா இது சரிப்பா," என்றாள் மகள். "தினமும் பிச்சு எடுத்தா தோலும் புண்ணாயிடும். வேற பாக்கலாம்."

இரண்டாவது, கடற்கொள்ளைக்காரன் போடுகிற மாதிரிக் கறுப்பு. நூல் போல மெல்லிய எலாஸ்டிக். தட்டையாக இமை மேலேயே உட்கார்ந்துகொண்டது. ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் இமைமுடி துணியில் சரக் சரக் என்று உரசியது. மத்தியானத்துக்குள் மூடின கண்ணில் தண்ணீர் கொட்டியது. வேர்வையில் சாயம் இறங்கிக் கன்னத்தில் கோடு விழுந்தது. ரொட்டிக்கடைக்காரர் துக்கம் விசாரிக்கும் குரலில், "வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டார்.

மூன்றாவதாக, பவர் இல்லாத மூக்குக்கண்ணாடியும் அதன் ஒரு பக்கத்துக்கு மாட்டும் துணி உறையும். இது நிஜமாகவே நன்றாக இருந்தது. எதுவும் உரசவில்லை, எதுவும் இறுக்கவில்லை. லெவல் அண்ணன் அதைப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் தினசரி படித்தார். மூன்றாம் நாள் மனசு பொறுக்காமல் கடைக்குப் போய் மச்சினன் பின்மண்டையைக் குனிந்து பார்த்தார். கண்ணாடி நழுவி மூக்கு நுனிக்கு வந்தது. உறைக்கு மேல்வழியாக இடது கண் எட்டிப் பார்த்தது. உடனே மச்சினனுக்கு இரண்டு மண்டை ஆனது.

"ஆபீஸ்ல நிமிர்ந்து உக்காந்து எழுதுறவங்களுக்கு இதுதான்பா நல்லது," என்றாள் மகள். "நீங்க நாள் பூரா குனியறவரு."

"நான் என்ன பண்ண, தலை எல்லாருக்கும் கீழதானே இருக்கு."

இதற்குள் மூன்று வாரம் போய்விட்டது. எங்கள் தலைகள் காடாகிக்கொண்டிருந்தன. மச்சினன் ஒருவனால் எத்தனை பேருக்கு வெட்ட முடியும்? பஸ் நிறுத்தத்துக்கு எதிரே கண்ணாடிக் கதவு போட்ட புதுக்கடைக்கு இரண்டு பேர் போய் வந்தார்கள். யார் என்று எங்களுக்குத் தெரியும், அவர்கள் கிருதாவே சொன்னது. மற்றவர்கள் காதை மூடிய முடியோடு காத்திருந்தோம். லெவல் அண்ணனுக்கு வேண்டியதும் ஒன்றுதான். தன் நாற்காலிக்குப் பின்னால் மறுபடி நிற்க வேண்டும். வீட்டில் சும்மா உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொடுப்பது அவருக்கு ஒத்துவரவில்லை. உரித்த வெங்காயத்தை அளவு வாரியாக வரிசை வைக்கத் தொடங்கியிருந்தார்.

ஒரு சாயங்காலம் லாஸ்டிக் அக்கா தையல் மெஷினுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டார்.

"இப்படி வந்து உக்காருங்க. கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. எங்க உரசுது?"

"இமையில."

"எங்க அழுத்துது?"

"புருவ எலும்புல. அப்புறம் காதுக்கு மேல."

"குனிஞ்சா?"

"கீழ வருது."

"வேர்த்தா?"

"மொத்தமும் வருது."

அக்கா அவர் தலையை இரண்டு கையாலும் பிடித்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, மூக்கிலிருந்து கன்ன எலும்பு வரை அளவுநாடாவை வைத்தார். தலையைப் பிடித்துத் திருப்புவது லெவல் அண்ணனின் தொழில். தன் தலை அப்படித் திருப்பப்பட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று அவருக்கே ஞாபகம் இல்லை.

இரண்டு நாள் கழித்து ஒன்று வந்தது. உள்ளே மிருதுவான வெள்ளைப் பருத்தி, வெளியே கறுப்பு. தட்டை இல்லை, குழிவாக, கிண்ணம் மாதிரி. விளிம்பு மட்டும்தான் முகத்தில் பட்டது. உள்ளே கண் தாராளமாகத் திறந்து மூடியது. லெவல் அண்ணன் போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்தார், குனிந்தார், நிமிர்ந்தார். பிறகு கழற்றி, உள்ளே வெளியே திருப்பிப் பார்த்தார்.

"என்ன துணி இது?"

"காட்டன்."

"அது தெரியுது. இந்த வளைவு எப்படி வந்துச்சு?"

"அச்சுல."

"எந்த அச்சுல?"

அக்கா ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தார். மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

"ஏய், இது முன்னாடி என்னவா இருந்துச்சு?"

"கம்பெனியில ஒதுக்கித் தள்ளின பீஸ். சின்ன சைஸு. ஒண்ணுல ரெண்டு வரும், உங்களுக்கு ஒண்ணு போதும்."

லெவல் அண்ணன் அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். மானமா, தொழிலா என்று யோசித்திருப்பார் போல. பிறகு போட்டுக்கொண்டார்.

"வெளிய யாருக்கும் தெரியக் கூடாது."

"நான் யார்கிட்ட சொல்லப் போறேன்," என்றார் அக்கா. மறுநாள் பகல் சாப்பாட்டுக்குள் கம்பெனியில் நாற்பது பேருக்கும் தெரியும். சாயங்காலம் நாற்பது பேரும் யோசனை சொல்லி அனுப்பியிருந்தார்கள். வீட்டில் அதற்குக் கண்மூடி என்று பெயர் விழுந்தது.

ஒற்றைக் கண்ணோடு வெட்டுவதும் லேசில் வரவில்லை. முதல் தலையாக உட்கார்ந்தவன் மச்சினன். லெவல் அண்ணன் கத்தரியை நீட்டி மூன்று முறை வெட்டினார், மூன்றும் காற்று. தூரம் பிடிபடவில்லை.

"மாமா, சத்தம் மட்டும் நல்லா வருது."

"வாயை மூடு. காதை ஒட்டி வச்சுக்கோ."

அப்புறம் அவரே வழி கண்டுபிடித்தார். சீப்பை முதலில் மண்டையில் வைத்துவிடுவது. சீப்பு எங்கே இருக்கிறது என்று இடது கைக்குத் தெரியும், அந்த இடத்துக்குக் கத்தரியை வலது கை கொண்டுவரும். கண் வெறும் மேற்பார்வை. ஐந்து நாள் மச்சினன் தலையிலேயே பழகினார். ஆறாம் நாள் மச்சினன் தலையில் வெட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. ஏழாம் நாள் நான் போய் உட்கார்ந்தேன். பயம் இல்லாமல் இல்லை. கிருதா இரண்டும் முடிந்ததும் இரண்டடி பின்னால் போய், "லெவலா இருக்கா?" என்றார். கடையில் இருந்த நான்கு பேரும் ஒன்றாக, "இருக்கு அண்ணே," என்றோம். சவரக்கத்தியை மட்டும் அவர் இன்னும் தொடவில்லை.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்த இடத்தில்தான் புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள். சேர்ந்து என்றால், ஒருவருக்கு ஒருவர் தெரியாமல்.

கண்மூடியின் எலாஸ்டிக் வார் தலையைச் சுற்றிப் போகிற இடத்தில் முடி மேலும் கீழும் புடைத்து நின்றது. முடி வெட்டுகிறவர் தலையில் இப்படியொரு மேடு பள்ளமா என்று லெவல் அண்ணனுக்கு அவமானம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முடி எடுக்கும் மெஷினை எடுத்து, வார் போகிற வழியில் மட்டும் முடியை ஒட்ட எடுத்து, அழகாக ஒரு பாதை போட்டார். வார் அதில் வாய்க்கால் தண்ணீர் மாதிரி ஓடும் என்று கணக்கு. ஓடத்தான் செய்தது. பிடித்து நிறுத்த முடி இல்லாததால், குனிந்தால் வழுக்கிக்கொண்டு இறங்கியது.

"வழுக்குது," என்றார் மனைவியிடம்.

அக்கா வாரை முக்கால் அங்குலம் பிடித்துத் தைத்தார். அவர் தொழிலில் அதுதான் வழி. இடுப்பு முப்பது அங்குலம் என்றால் எலாஸ்டிக் இருபத்தாறுதான் வெட்டுவார்கள், இழுத்துப் பிடித்தால்தான் நிற்கும். தலைக்கும் அவர் கை தானாக அப்படியே வெட்டியிருந்தது. போதாததற்கு இப்போது முக்கால். லெவல் அண்ணன் அடுத்த ஞாயிறு பாதையை இன்னும் கொஞ்சம் சுத்தம் செய்தார். மறுபடி வழுக்கியது. மறுபடி அக்கா பிடித்தார்.

பத்து நாளில் லெவல் அண்ணனுக்குத் தலைவலி வந்தது.

காலையில் இருக்காது. பதினோரு மணிக்கு நெற்றிப்பொட்டில் ஆரம்பித்து, மூன்று மணிக்குள் பின்மண்டை வரை போய்விடும். டாக்டர் சொன்னது அவருக்கு ஞாபகம் இருந்தது. ஞாபகம் இருந்ததால்தான் அவர் போகவில்லை. நரம்பு தலைக்குள்ளே போய்விட்டது, போய்க் கேட்டால் அதை வாயால் சொல்லிவிடுவார்கள், சொல்லாத வரைக்கும் கடைக்குப் போகலாம் என்று நினைத்தார். வெளியில் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் மச்சினனை அருகில் நிறுத்தி ஒவ்வொரு தலையாகச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். "தபால்காரருக்கு இடது தாடையில ஒரு மரு இருக்கு, கத்தியைச் சாய்ச்சுப் போ. ரொட்டிக்கடைக்காரருக்குக் காதுக்குப் பின்னாடி கூசும், சொல்லிட்டுத் தொடு."

"எனக்கெதுக்கு மாமா இதெல்லாம்? நீங்கதான் இருக்கீங்களே."

"கேட்டு வச்சுக்கோ."

அவன் கேட்டுக்கொண்டான். வெள்ளிக்கிழமை லெவல் அண்ணன் தன் சவரக்கத்தியைத் துடைத்து உறையில் போட்டு அவன் கையில் கொடுத்தார். அவன் நேராக அக்காவின் கம்பெனி வாசலுக்குப் போய் நின்றான்.

"அக்கா, மாமா கத்தியை என்கிட்ட குடுத்துட்டாரு."

அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அரை மணி முன்னதாகக் கிளம்பியது அந்த வருடத்தில் அதுதான் முதல் தடவை.

லெவல் அண்ணன் அன்று சீக்கிரமே வீட்டுக்கு வந்து, விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். அக்கா சூப்பைச் சுட வைத்து, ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாமலா கத்தியைக் கை மாத்துவீங்க?"

லெவல் அண்ணன் சூப்பைக் கலக்கினார். வெகுநேரம் கலக்கினார். "தலை வலிக்குது," என்றார் கடைசியில். "பத்து நாளா. உள்ள போயிடுச்சுன்னு நெனைக்கிறேன்."

அக்கா அழுகிற ஆள் இல்லை. எழுந்து வந்து, கண்மூடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்து, அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். விரல்கள் பின்மண்டையில் போயின. போன விரல்கள் ஒரு இடத்தில் நின்றன. மறுபடி முதலிலிருந்து போயின. பிறகு விளக்கைப் போட்டார்.

"இது என்ன?"

"எது?"

"தலையைச் சுத்தி ஒரு ரோடு போகுது. அந்த ரோட்டுல கால் அங்குல ஆழத்துக்குப் பள்ளம் இருக்கு. முடியை யாரு எடுத்தது?"

"நான்தான். வாரு ஒழுங்கா உக்காரட்டும்னு."

அக்கா அவர் முகத்தையே பார்த்தார். "அதனாலதான் வழுக்கியிருக்கு."

"வழுக்குதுன்னு உன்கிட்ட சொன்னேனே."

"நீங்க சொல்லச் சொல்ல நான் பிடிச்சுத் தச்சேன். ஞாயித்துக்கிழமை வலிக்குதா?"

லெவல் அண்ணன் யோசித்தார். ஞாயிறு அன்று வீட்டில் அவர் போட்டுக்கொள்வது பழைய மூக்குக்கண்ணாடி. "இல்ல," என்றார் மெதுவாக. "ஞாயித்துக்கிழமை வலிக்கல."

அக்கா கண்மூடியை எடுத்து வாரை இழுக்காமல் வைத்து அளந்தார். அவர் தலை இருபத்திரண்டு அங்குலம். கிண்ணத்தோடு சேர்த்து வார் பதினேழரை. நாற்பது பேருக்கு மேற்பார்வை பார்க்கிறவர், தலையில் கைவைத்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"உங்க தலைக்கு நான் ஜட்டி தச்சிருக்கேன்," என்றார்.

முதலில் சிரித்தது யார் என்று பின்னால் இருவருக்கும் வழக்கு வந்தது. உள்ளே படித்துக்கொண்டிருந்த மகள் ஓடிவந்து பார்த்தபோது அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார், அம்மாவும் துடைத்துக்கொண்டிருந்தார், சூப் ஆறிப்போயிருந்தது.

இருந்தாலும் மறுநாள் காலை முதல் ஆளாக டாக்டரிடம் போனார்கள். அவர் எல்லாம் பார்த்தார். ஒரு படமும் எடுக்கச் சொன்னார். உள்ளே ஒன்றும் இல்லை. வாருக்கு அடியில் விரலை நுழைக்கப் பார்த்தார், நுழையவில்லை. "ஒரு விரல் சுலபமாப் போகணும்மா," என்றார். "போகலைன்னா கண்ணுக்கு வைத்தியம் பார்த்துத் தலைக்கு வியாதி வாங்கின மாதிரி." பிறகு அந்தக் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது நல்ல யோசனையாக இருக்கிறதே, எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார். லெவல் அண்ணன் அவசரமாக, "வீட்டுல தச்சது," என்றார்.

அடுத்த கண்மூடியை இருவரும் சேர்ந்து செய்தார்கள். எலாஸ்டிக் வேண்டாம், அகலமான பருத்தி நாடா, பின்னால் மட்டும் இரண்டு விரல் நீளத்துக்கு எலாஸ்டிக், கூட்டிக் குறைக்க ஒரு சின்ன வளையம் என்றார் அக்கா. வார் எங்கே உட்கார வேண்டும் என்பதை லெவல் அண்ணன் சொன்னார். தலையைப் பற்றி அவருக்குத் தெரியாததா?

"பின்மண்டையில ஒரு மேடு இருக்கும் பாரு. கையை வை. அதுக்குக் கீழ வாரு போச்சுன்னா தலைகீழா நின்னாலும் கழலாது. மேல போனா நிக்காது."

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லச் சொன்னியே."

நாளுக்கு ஒன்று மாற்றித் துவைத்துப் போட ஏழு தைத்தார்கள். லெவல் அண்ணன் மச்சினனிடமிருந்து கத்தியைத் திருப்பி வாங்கினார். அவன் அதை உறையிலிருந்து எடுக்கவேயில்லை. பாதை போட்ட இடத்தில் முடி வளர்ந்தது. தபால்காரர் கன்னத்தில் மறுபடி நுரை ஏறியது. தினமும் அவர் வீட்டுக்கு வந்ததும் அக்கா ஸ்டூலில் உட்காரவைத்து, கண்மூடியைக் கழற்றி, வார் தடம் விழுந்திருக்கிறதா என்று தலையைச் சுற்றி விரலால் தடவிப் பார்ப்பார். முன்பு எட்டரைக்கு வந்துகொண்டிருந்தவரும் எட்டுக்கே வர ஆரம்பித்தார். பார்க்கும்போது பேச்சும் வரும். கம்பெனியில் யாருக்குக் கல்யாணம், கடையில் யார் தலையில் சொட்டை, மகளைப் படிக்க அனுப்புவதா என்று அது பாட்டுக்குப் போகும்.

பதினோராவது வாரம் ஒரு காலையில் முகம் கழுவும்போது லெவல் அண்ணனுக்கு ஒரே ஒரு குழாய் தெரிந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தார், ஒன்று. நிமிர்ந்து துணிக்கொடியைப் பார்த்தார், ஒரே கம்பி, அதுவும் லெவலாக. கூச்சல் போட வேண்டும் என்று வாயைத் திறந்தவர், மூடிக்கொண்டார். துண்டால் முகத்தைத் துடைத்து, அன்றைக்கான கண்மூடியை எடுத்து மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

ஒன்பதாம் நாள் காலை அவர் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது அக்கா, "இந்தாங்க," என்று புதுச் சோப்பைத் தூக்கிப் போட்டார். முதல் மாதமாக இருந்தால் இல்லாத சோப்பைப் பிடித்திருப்பார். இப்போது ஒரே கையில் பிடித்து, நுரை போட ஆரம்பித்தார். அக்கா அதைப் பார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்பினார். அன்று கம்பெனியிலிருந்து வரும்போது பையில் ஒரு முழம் கறுப்புத் துணி இருந்தது. மறுநாள் காலை, "புதுசு ஒண்ணு தச்சேன், போட்டுட்டுப் போங்க," என்று கொடுத்தார்.

அன்று இரவு எட்டுக்கு லெவல் அண்ணன் வந்து, பழக்கப்படி ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருக்கு. காத்தோட்டமா இருக்கு."

"உரசல?"

"இல்ல."

"வழுக்கல?"

"இல்ல."

"குறை ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணுமே இல்ல. தச்சதுலயே இதுதான் முதல் தரம்."

அக்கா கண்மூடியைக் கழற்றி ஜன்னலுக்கு நேரே பிடித்தார். அதன் வழியாக எதிரே விளக்கு எரியும் ரொட்டிக்கடை தெரிந்தது, கடைக்காரர் தெரிந்தார், அவர் கையில் இருந்த ரொட்டிகூடத் தெரிந்தது.

"இது வெறும் வலைத்துணி. உள்ள துணியே வைக்கல. காலையிலேருந்து ரெண்டு கண்ணாலயும்தான் பாத்துட்டு இருக்கீங்க. ரெண்டாத் தெரிஞ்சிருந்தா பத்து நிமிஷத்துல கழட்டிட்டு வந்து நின்னிருப்பீங்க."

லெவல் அண்ணன் தரையைப் பார்த்தார். "மறந்துபோய்த் துணி வைக்காம விட்டுட்டியோன்னு நெனைச்சேன். குறை சொன்னா வருத்தப்படுவியேன்னு."

"இருபத்தி நாலு வருஷத்துல நீங்க எதையாவது குறை சொல்லாம விட்டிருக்கீங்களா?"

லெவல் அண்ணன் பின்மண்டையைத் தடவிக்கொண்டார்.

"எத்தனை நாளாச்சு?"

"பத்து."

"இங்க பாருங்க. நான் எத்தனை பேராத் தெரியறேன்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஒருத்தி."

"மேல இருந்தவ?"

"போயிட்டா."

"பாவம், அவதான் சிரிச்ச முகமா இருந்தா."

"இப்ப கீழ இருக்கிறவளும் சிரிக்கிறா."

அக்கா சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஏன் சொல்லல?"

லெவல் அண்ணன் தன் கைகளை விரித்துக் காட்டினார். "ஊரு தலையெல்லாம் நான் தொடறேன்," என்றார். "என் தலையை யாரு தொட்டா? கண்ணு சரியாயிடுச்சுன்னு சொன்னா, அப்புறம் நீ எதுக்குத் தொடப்போறே."

அக்கா வலைக் கண்மூடியை மடித்து, மற்ற ஏழும் இருந்த பிஸ்கட் டப்பாவில் போட்டு, மூடியை அழுத்தி மூடினார். லெவல் அண்ணன் இனி வேலையில்லை என்று நினைத்து ஸ்டூலிலிருந்து எழுந்தார்.

"எங்க போறீங்க? உக்காருங்க," என்றார் அக்கா. "வாரு தடம் இருக்கான்னு பாக்க வேண்டாமா?"

அந்தத் தடம் மறைந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. லெவல் அண்ணன் மறுபடி உட்கார்ந்து, தலையைக் குனிந்து காட்டினார்.